சுகர் 6.1, ஆனால் அப்பா இரண்டு முறை விழுந்துவிட்டார்

பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அப்பாவுக்கு 76 வயது. சேலம் அம்மாபேட்டையில் அம்மாவோடு இருக்கிறார். நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். சுகர் வந்து பதினெட்டு வருடம். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை காலையும் இரவும் போடுகிறார். போன மாதம் எடுத்த மூன்று மாதச் சுகர் சராசரி (HbA1c) 6.1. "இந்த வயசுல இப்படி யாருக்குங்க வருது" என்று பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டியிருக்கிறார்கள். ஆனால் தை மாதத்துக்கு அப்புறம் இரண்டு முறை விழுந்துவிட்டார். இரண்டும் விடியற்காலையில், பாத்ரூம் போகிற வழியில். எடை இரண்டு வருடத்தில் ஆறு கிலோ குறைந்து 54க்கு வந்துவிட்டது. சுகர்தான் கட்டுக்குள் இருக்கிறதே, பிறகு ஏன் விழுகிறார்? மாம்பழம் கேட்கிறார், கொடுக்கலாமா? வெயில் தாங்கவில்லை, பத்து நாள் ஏற்காட்டில் அக்கா வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

நான் டாக்டர் இல்லை. முப்பத்தோரு வருடம் அரசுப் பணியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சேலத்தில் பாதி, மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்களில் பாதி என்று காலம் போயிற்று. மருந்தைக் குறையுங்கள், நிறுத்துங்கள் என்று சொல்வது என் வேலை இல்லை. டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும், வீட்டில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

சுகர் கட்டுக்குள் இருந்தும் ஏன் விழுகிறார் என்று கேட்கிறீர்கள். நான் இருந்தால், இப்படி மாத்திரை போட்டு இந்த அளவுக்குக் கட்டுக்குள் இருப்பதால்தான் விழுகிறாரோ என்று முதலில் சந்தேகப்படுவேன்.

உங்கள் கேள்வியில் போகிறபோக்கில் ஒரு விஷயம் சொல்லியிருந்தீர்கள். இரண்டாவது முறை விழுந்தபோது அம்மா ஓடிப் போய்த் தூக்கினாராம். அப்பாவின் பனியன் முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. "பாவை யார் எடுத்துட்டுப் போனது?" என்று இரண்டு முறை கேட்டார். பாவு என்றால் தறியில் ஏற்றுகிற நூல். தறியே வீட்டை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது. அம்மா பழைய ஞாபகம் என்று நினைத்துச் சர்க்கரை போட்டு ஒரு டம்ளர் காபி கொடுத்தார். அரைமணி நேரத்தில் ஆள் சரியாகிவிட்டார். தம்பி, அந்தக் காபியில் இருந்த சர்க்கரைதான் அவரைச் சரியாக்கியிருக்க வேண்டும். நனைந்த பனியன், சம்பந்தமில்லாத பேச்சு, இனிப்பு உள்ளே போனதும் தெளிவு. வார்டில் இப்படி ஒருவரைப் பார்த்தால் நாங்கள் முதலில் கை வைப்பது சுகர் மெஷினில்தான்.

வயதானவர்களுக்குச் சுகர் இறங்குவது இளைஞர்களுக்கு இறங்குவது போல இருக்காது. முப்பது வயதுக்காரருக்குக் கை நடுங்கும், பசி எடுக்கும், படபடக்கும், அவரே போய் ஏதாவது வாயில் போட்டுக்கொள்வார். எழுபதுக்கு மேல், அதுவும் பதினைந்து இருபது வருடம் சுகரோடு இருந்தவருக்கு, அந்த எச்சரிக்கை மணி அடிப்பதே நின்றுபோயிருக்கும். நேராக மூளைக்குப் போகும். உளறுவார், காரணமில்லாமல் எரிந்து விழுவார், தள்ளாடுவார், எழுப்பினால் எழுந்திருக்க மாட்டார். வாய் குழறுவதைப் பார்த்துப் பக்கவாதம் என்று தூக்கிக்கொண்டு ஓடி வந்து, ஊசி குத்திப் பார்த்தால் 41 என்று காட்டிய ஆட்களை நான் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோப்ரொலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம், வியர்வைதான் மிஞ்சும். அதனால்தான் பனியனைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். 70க்குக் கீழே போனால் லோ சுகர். 54க்குக் கீழே போனால் ஆபத்து.

சரி, 6.1 என்று வந்திருக்கிறதே, அது நல்ல எண் இல்லையா? நாற்பது வயதுக்காரருக்கு நல்ல எண். மூன்று மாதச் சராசரி 6.1 என்றால் ரத்தத்தில் சர்க்கரையின் சராசரி 128 வாக்கில் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அது சராசரி. விடியற்காலை 50, மத்தியானம் 206. கூட்டிப் பாதி போட்டுப் பாருங்கள், அதுவும் 128தான். மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்துச் சமன்படுத்திக் காட்டுகிற எண் அது. எந்தப் பள்ளத்தில் விழுந்தார் என்று அது சொல்லாது. இன்னொன்று, ரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு இருந்தால் அந்த எண்ணே கூடவோ குறையவோ தப்பாகக் காட்டலாம்.

சுகரை எவ்வளவு இறக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்றுதான் ஒரு காலத்தில் எல்லோரும் நினைத்தோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுகர்காரர்களை வைத்து அக்கார்ட் என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பாதிப் பேருக்குச் சராசரியை 6க்குக் கீழே கொண்டுவர மருந்தை அழுத்திக் கொடுத்தார்கள். 2008இல் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அழுத்திக் கொடுத்த பக்கத்தில்தான் சாவு அதிகமாக இருந்தது. அதற்கு அப்புறம் வயதானவர்களுக்கான கணக்கு மாறிவிட்டது. அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டுதல்படி, வேறு பெரிய நோய் இல்லாமல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் முதியவருக்கு 7 முதல் 7.5க்குள் இருந்தால் போதும். நாலைந்து நோய் சேர்ந்தவருக்கு, ஞாபகம் தவறுகிறவருக்கு, அடிக்கடி விழுகிறவருக்கு 8க்குள் என்றாலும் சரிதான். படுக்கையில் இருப்பவருக்கு எண்ணைத் துரத்தவே வேண்டாம், லோ ஆகாமலும் ஒரேயடியாக ஏறிச் சோர்ந்துவிடாமலும் பார்த்துக்கொண்டால் போதும்.

இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வருவதில்லை. "ஏழரை இருக்கட்டும்னு விட்டா கண்ணு கிட்னி எல்லாம் போயிடாதுங்களா சிஸ்டர்?" என்பார்கள். கண்ணும் கிட்னியும் கெட வருடக்கணக்கில் ஆகும். இடுப்பு எலும்பு முறிய ஒரு விடியற்காலை போதும். எழுபத்தாறு வயதில் இடுப்பு முறிந்து படுத்தால் அதற்கப்புறம் பழைய நடை திரும்புவது எவ்வளவு கஷ்டம் என்று வார்டில் இருந்தவர்களைக் கேளுங்கள்.

இப்போது மாத்திரை. அந்தக் கூட்டு மாத்திரையில் மெட்ஃபார்மின் தனியாகப் போட்டால் பெரும்பாலும் லோ ஆக்காது. லோ ஆக்குவது கிளிமிபிரைடு. அது கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பிட்டீர்களா இல்லையா என்று அதற்குக் கவலை கிடையாது. ஒருமுறை போட்டால் நாள் முழுக்க வேலை செய்யும். உங்கள் அப்பா இரவும் அதைப் போடுகிறார், இரவுச் சாப்பாடோ இரண்டு இட்லி. அப்புறம் பத்து மணி நேரம் பட்டினி. இதில் சிறுநீரகமும் வயதுக்கேற்ற மாதிரி மெதுவாகியிருக்கும். கிரியேட்டினின் 1.3 என்று ரிப்போர்ட்டில் வந்தால் "ஏதோ கொஞ்சம்தான் கூட" என்று விட்டுவிடுகிறோம். 76 வயது ஆணுக்கு 1.3 என்றால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் 57 வாக்கில்தான் இருக்கும். இளவயதில் அது நூறை ஒட்டி இருந்திருக்கும். கிட்னி மந்தமாக மந்தமாக மருந்து உடம்பில் தங்குவதும் கூடும். பழைய கிளிபென்கிளமைடு இதில் இன்னும் மோசம், வயதானவர்களுக்கு அதைத் தவிர்க்கச் சொல்லித்தான் எல்லா வழிகாட்டுதலும் இருக்கிறது. அப்பாவின் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். பெயர் எதுவாக இருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று அங்கேதான் எழுதியிருக்கும்.

ஆறு கிலோ எடை குறைந்திருக்கிறது, பாருங்கள், அதுவும் இதோடு சேர்ந்ததுதான். அறுபது கிலோ இருந்தபோது எழுதிய மாத்திரை அளவு இது. ஆள் சிறுத்துவிட்டார், சாப்பாடு பாதியாகிவிட்டது, மாத்திரை மட்டும் அப்படியே நிற்கிறது. சீட்டில் மாத்திரை கூடுவதைப் பார்த்திருக்கிறேன், குறைவதைப் பார்ப்பது அபூர்வம். யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் குறைப்பதில்லை. இவ்வளவு எடை தானாகக் குறைந்ததற்கு வேறு காரணம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சுகர் இருப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

நம் ஊரில் நான் அடிக்கடி பார்த்த இன்னொரு கூத்து உண்டு. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம். நடக்க முடியாதவர்களுக்குப் பெரிய உபகாரம். சிக்கல் எங்கே என்றால், பெரியவர் அதையும் வாங்கிக்கொள்வார், மாதம் ஒருமுறை பிரைவேட்டில் காட்டி அந்த மாத்திரையும் வாங்குவார். ஒன்று வெள்ளை, ஒன்று பச்சை. இரண்டும் வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் போட்டுக்கொள்வார். உள்ளே இருப்பது ஒரே மருந்து. அதன் மேல் ஆவாரம்பூ, நாவல் கொட்டைப் பொடி, மலையில் இருந்து யாரோ கொண்டுவந்த சிறுகுறிஞ்சான் சூரணம். இவையும் சுகரைக் கொஞ்சம் இறக்கக்கூடியவைதான். லேபிளே இல்லாத பொடியில் அலோபதி மாத்திரையையே அரைத்துக் கலந்திருந்த கதைகளும் உண்டு. அதனால் டாக்டரிடம் போகும்போது சீட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் இருக்கிற மாத்திரை, பொடி, தைலம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு போய் மேஜை மேல் கொட்டுங்கள். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அதற்கு முன்னால் வீட்டில் ஒரு வேலை. நீங்கள் ஊருக்கு வரும்போது மூன்று நாள் இரவு மூன்று மணிக்கு அலாரம் வைத்து அப்பாவின் சுகரைப் பாருங்கள். காலை எழுந்ததும் ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். இடையில் எப்போதாவது 70க்குக் கீழே வந்தால் மூன்று நாள் காத்திருக்க வேண்டாம், கையோடு இனிப்புக் கொடுத்துவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். செலவு தாங்கும் என்றால் கையில் ஒட்டுகிற சென்சார் இருக்கிறது, பதினான்கு நாள் இரவும் பகலும் அதுவே பதிவு செய்யும். அந்த நோட்டோடு போய்க் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அப்பா விழறார், இவருக்கு எவ்வளவு வரைக்கும் சுகர் இருக்கலாம்? இரவு கிளிமிபிரைடு தேவையா, லோ ஆக்காத மாத்திரைக்கு மாத்த முடியுமா?" இப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்கிற டாக்டர் குறைவு. நீங்களாக நிறுத்திவிட்டுப் போய்ச் சொன்னால்தான் கோபம் வரும்.

விழுவதற்கு லோ சுகர் மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் இருபது குறைந்தால் எழும்போது தலைக்கு ரத்தம் போதவில்லை என்று பொருள். பிரஷர் மாத்திரை, புராஸ்டேட்டுக்குக் கொடுக்கிற மாத்திரை, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது எல்லாம் இதைச் செய்யும். இரவில் எழுந்திருக்க வேண்டுமே என்று சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுவது நம் பெரியவர்களின் வழக்கம். சேலத்துச் சித்திரை வெயிலில் அது விபரீதம். பகலில் நன்றாகக் குடித்துவிட்டு இரவில் குறைத்துக்கொள்ளட்டும். கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே சின்ன விளக்கு, சுவரில் ஒரு கைப்பிடி. எழுந்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒரு நிமிடம் கழித்துத்தான் நிற்க வேண்டும்.

லோ ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதை அம்மாவுக்கு நேரில் ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள், போனில் சொன்னால் பதட்டத்தில் மறந்துவிடும். நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர், அரை டம்ளர் தண்ணீரில். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சுகர் பார்க்க வேண்டும், 70 தாண்டவில்லை என்றால் இன்னொரு முறை. தாண்டியதும் இரண்டு பிஸ்கட்டோ ஒரு இட்லியோ கொடுக்க வேண்டும். சாக்லேட், அல்வா எல்லாம் வேண்டாம், அதில் இருக்கிற கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். வீட்டுச் சர்க்கரையும் கொடுக்கலாம்தான். ஆனால் கூட்டு மாத்திரையில் வோக்லிபோஸோ அகார்போஸோ சேர்ந்திருந்தால் வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் உடையாது, குளுக்கோஸ்தான் கேட்கும். அதனால் ஒரு டப்பா குளுக்கோஸை வாங்கித் தலைமாட்டிலேயே வைத்துவிடுங்கள். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன், எனக்கு நடந்தது. எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு இப்படி ஆகி ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள், பாட்டி எழுந்து உட்கார்ந்து பேசினார், இரவு பதினொரு மணிக்கு "நல்லாத்தான் இருக்காங்க, கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நானும் அன்றைக்கு அசதியில் வாதாடாமல் விட்டுவிட்டேன். மூன்றரை மணிக்கு மறுபடி நினைவில்லை. கிளிமிபிரைடு வகை மாத்திரையால் இறங்கிய சுகர் ஏற்றினாலும் மறுபடி இறங்கும், மருந்து உடம்பை விட்டுப் போகும் வரை விடாது. ஒரு நாளாவது வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், வீட்டில் இருந்தால் இரண்டு மணிக்கொரு தரம் நீங்களே பாருங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். உங்கள் அப்பாவின் தட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. காலை இரண்டு இட்லி, மத்தியானம் கொஞ்சம் ரசம் சாதம், சாயங்காலம் கேழ்வரகுக் கஞ்சி, இரவு இரண்டு இட்லி. பல் இல்லாததால் எல்லாம் மெத்து மெத்தென்று. சுகருக்குப் பயந்து முட்டையை நிறுத்தியிருக்கிறீர்கள், அதில் சர்க்கரையே இல்லை! இந்தத் தட்டில் மாவு மட்டும்தான் இருக்கிறது. சதை கரைவது இதனால்தான், சதை கரைந்தால் கால் நிற்காது. வயதானவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும், 54 கிலோவுக்கு 54 முதல் 65 கிராம் வரை. ஒரு முட்டையில் ஆறு கிராம். கொள்ளுப் பருப்பு கடைந்து, பச்சைப்பயறு வேகவைத்து மசித்து, தயிர், முட்டை, வாரத்தில் இரண்டு நாள் மீன் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். கிட்னி நிஜமாகவே மோசம் என்று டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும் அளவை அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேழ்வரகு சுகருக்கு மருந்து என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. அதிலும் நூறு கிராமுக்கு எழுபது கிராம் வாக்கில் மாவுச்சத்துதான். களியாகக் கிண்டிக் கீரையோடு தின்றால் மெதுவாக ஏறும், கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் சர்ரென்று ஏறும். ஜவ்வரிசி இன்னும் மேலே, அது மரவள்ளிக் கிழங்கின் மாவேதான், வேறொன்றுமில்லை. ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி விளைகிறது, ஊரைச் சுற்றி சேகோ ஆலை, அதனால் காய்ச்சல் என்றாலே ஜவ்வரிசிக் கஞ்சி என்று பழகிவிட்டோம். காய்ச்சலில் வேறெதுவும் இறங்காத நாளில் கொடுங்கள், தினமும் சாயங்காலப் பலகாரமாக வேண்டாம்.

புரட்டாசி சனிக்கிழமை ஒருபொழுது இருப்பாரா? இருந்தால் அன்றைய மாத்திரையைப் பற்றி முன்கூட்டியே கேட்டுவையுங்கள். பட்டினியும் கிளிமிபிரைடும் சேரவே கூடாது.

மாம்பழம் கொடுக்கலாம். சேலத்தில் பிறந்தவருக்கு வைகாசியில் மாம்பழம் கிடையாது என்று சொல்வதற்கு எனக்கு வாய் வராது. நூறு கிராம் பழத்தில் பதினைந்து கிராம் மாவுச்சத்து, ஏறக்குறைய ஒரு சின்ன இட்லி, ஒன்றரை இட்லிக் கணக்கு. சாப்பாட்டின் மேல் சேர்க்காமல், ஒரு இட்லியைக் குறைத்துக்கொண்டு மல்கோவாவில் இரண்டு பத்தை. ஜூஸ் வேண்டாம். சாயங்காலம் கடைவீதிப் பக்கம் போய்ப் பழைய கூட்டாளிகளோடு ஒரு தட்டுவடை செட் தின்றுவிட்டு வருகிறார் என்றால் அதையும் தடுக்காதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை ஒரு தட்டு ஒன்றும் செய்துவிடாது. நடந்து போய், நாலு பேரைப் பார்த்து, சிரித்துவிட்டு வருகிறாரே, அதை எந்த மாத்திரையும் கொடுக்காது. "அது ஆகாது, இது ஆகாது" என்று எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, "அப்பா சாப்பிடவே மாட்டேங்கறார், பேசவே மாட்டேங்கறார்" என்று வருகிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

மாம்பழம் என்றதும் ஒரு ஞாபகம். போன வருடம் பக்கத்து வீட்டுப் பையன் பதறியடித்துக்கொண்டு மெஷினோடு வந்தான், "தாத்தாவுக்கு 386 காட்டுது!" தாத்தா திண்ணையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். விரலை மோந்து பார்த்தேன், மாம்பழ வாசனை. பேரனுக்குப் பழம் அறுத்துக் கொடுத்த கையைத் துடைத்துவிட்டுக் குத்தியிருக்கிறார்கள். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, மறுபடி பார்த்தால் 168. அந்த 386ஐ நம்பி ஒரு மாத்திரை கூடப் போட்டிருந்தால்? பழச் சீசனில் கை கழுவாமல் சுகர் பார்க்காதீர்கள்.

கால். தறிக்காரர் கால் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். குழித்தறியில் நாற்பது வருடம் வெறுங்காலால் மிதியை மிதித்தவருக்குப் பாதத்தில் காய்ப்பு இல்லாமல் இருக்காது. சுகரில் உணர்ச்சி போன காலில் அந்தக் காய்ப்புக்கு அடியில்தான் புண் ஒளிந்திருக்கும், வலிக்காது. அவரைக் கட்டிலில் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை இலேசாகத் தொட்டுவிட்டு "தெரியுதாப்பா?" என்று கேளுங்கள். அழுத்தக் கூடாது, தொட்டால் போதும். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். இரண்டு இடத்திலாவது தெரியவில்லை என்றால் கால் மரத்திருக்கிறது. பிளேடால் காய்ப்பைச் சீவுவது, கால் ஆணிக்குக் கடையில் விற்கிற ஆசிட் பிளாஸ்திரி ஒட்டுவது, எரிச்சலுக்குச் சுடுதண்ணீரில் கால் வைப்பது, மூன்றும் கூடாது. சூடு தெரியாமல் வெந்துவிடும். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். செருப்பு, அதாவது அடிப்பாகம் மெத்தென்ற ரப்பரில் இருக்கிற செருப்பு. ராத்திரி படுக்கும் முன் அம்மா ஒரு கண்ணாடியை வைத்துப் பாதத்தின் அடியைப் பார்க்கட்டும், விரல் இடுக்கைப் பார்க்கட்டும். எரிச்சல் அதிகம் என்றால் ரத்தத்தில் வைட்டமின் பி12 பார்க்கச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அது குறையும், குறைந்தால் வருகிற எரிச்சலும் சுகர் எரிச்சல் மாதிரியே இருக்கும். அதற்கு மருந்து இருக்கிறது, சுலபமாகச் சரிசெய்யலாம்.

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு வெறுங்காலோடு போவார், இல்லையா? போகட்டும். தரை சுடுவதற்கு முன் காலையிலேயே போகட்டும், தடித்த காட்டன் சாக்ஸ் போட்டுக்கொள்ளட்டும், வந்ததும் காலைக் கழுவிப் பாருங்கள். தீமிதி மட்டும் வேண்டாம். மரத்த கால் பட்ட கொப்புளங்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன், ஒரு ஆடியில் ஆரம்பித்தது தீபாவளி வரை ஆறவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் ஆல்புமின், வருடா வருடம் ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசிக்கு டாக்டரிடம் ஒரு வார்த்தை. இவை தெரிந்ததுதான், விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. நெஞ்சு வலி இல்லாமலே மாரடைப்பு வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். திடீரென்று மூச்சு வாங்கி, வியர்த்து, சோர்ந்தால் சுகர் பாருங்கள். சுகர் சரியாக இருந்தால் நேரம் கடத்தாமல் ஈ.சி.ஜி. எடுக்கப் போய்விடுங்கள்.

கடைசியாக ஏற்காடு. தாராளமாகக் கூட்டிப் போங்கள், ஆனால் மாத்திரை விஷயம் முடிவான பிறகு. சேலத்தில் இருந்து மேலே போக இருபது கொண்டை ஊசி வளைவு. காலையில் மாத்திரை போட்டு, டிபன் சாப்பிட்டு, ஏழாவது எட்டாவது வளைவில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்துவிட்டால் வயிறு காலி, மாத்திரை உள்ளே. நான் மலையடிவாரத்தில் இருந்தபோது இப்படி இறங்கி வந்தவர்களுக்குக் குளுக்கோஸ் கொடுத்திருக்கிறேன். வாந்தி வருகிறவராக இருந்தால் டாக்டரிடம் கேட்டு, மேலே போய்ச் சாப்பிடும்போது மாத்திரை போடுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். முன் சீட்டில் உட்கார வையுங்கள். குளுக்கோஸ் டப்பா கைப்பையில் இருக்கட்டும், டிக்கியில் இல்லை.

மேலே ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். விடியற்காலையில் விரல் சில்லிட்டு ரத்தம் வராது, வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மெஷினும் ஸ்ட்ரிப்பும் ரொம்பக் குளிர்ந்திருந்தால் வேலை செய்யாது, சட்டைப் பையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் சரியாகும். குளிருக்குக் காலடியில் சுடுதண்ணீர்ப் பை வைக்கிறேன் என்று அக்கா ஆசையாகக் கிளம்புவார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இரண்டு ஜோடி சாக்ஸ் போதும். அங்கே எல்லாமே மேடு பள்ளம். சமதளத்தில் நடக்கிற அதே அரைமணி நேரம் அங்கே உடம்பை இன்னும் அதிகம் வேலை வாங்கும், சுகர் இறங்கும். முதல் மூன்று நாள் ஏரிக்கரைச் சமதளத்தில் மட்டும் நடக்கட்டும், வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். அங்கேயும் அரசு மருத்துவமனை இருக்கிறது, போன அன்றைக்கே அக்கா ஒருமுறை வழியைப் பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.

அந்த இரவு மூன்று மணி அலாரத்தை அங்கேயும் முதல் இரண்டு நாள் வையுங்கள். எண்களை அதே நோட்டில் எழுதுங்கள். இறங்கி வந்ததும் எடையையும் ஒருமுறை பாருங்கள், 54க்கு மேல் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.